ராபர்ட் வைன்பர்க்: ஆமா, இல்லையா என்று மட்டும் கேட்ட சோதனைகள்

ஒரு கட்டியிலிருந்து டிஎன்ஏவை மட்டும் பிரித்தெடுத்து, நோயில்லாத வேறொரு செல்லுக்குள் செலுத்தினால் அந்தச் செல்லும் புற்றுச் செல்லாக மாறுமா? புற்றுநோய் உயிரியலில் இதைவிட நேரான கேள்வி இருக்க முடியாது. 1979 நவம்பரில் வெளிவந்த ஒரு கட்டுரை "மாறும்" என்று பதில் சொன்னது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள எம்ஐடியில், ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகம் எழுதிய கட்டுரை அது. அப்புறம் வந்த ஏழு ஆண்டுகளில் அதே ஆய்வகம் மனிதக் கட்டியிலிருந்து ஒரு புற்று மரபணுவைப் பிரித்தது, மார்பகப் புற்று மருந்து ஒன்றின் இலக்காகப் பின்னால் ஆகப்போகிற மரபணுவை எலியில் கண்டது, கட்டி வராமல் காக்கும் மரபணுக்களில் முதன்முதலில் கைக்குக் கிடைத்ததைப் பிரிப்பதிலும் பங்கெடுத்தது.

இந்த மூன்றையும் தனித்தனி வெற்றிகளாகப் பாடநூல்கள் சொல்கின்றன. மூன்றையும் ஒரே நிகழ்வாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது என்பது என் கருத்து. வைன்பர்க்கின் பலம், ஆம் அல்லது இல்லை என்று தெளிவாகப் பதில் தரும் ஒரு சோதனையைத் தேர்ந்தெடுத்து அதை விடாமல் திரும்பத் திரும்பச் செய்ததில் இருந்தது. அந்தச் சோதனையின் கண்ணுக்குப் பட்டதை எல்லோருக்கும் முன்னால் பார்த்தார். கண்ணுக்குப் படாததை, கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டார். இரண்டையும் பார்த்தால்தான் இந்த ஆய்வுவாழ்க்கை முழுதாகப் புரியும்.

கேள்வி பிறந்த விதம்

வைன்பர்க் 1942இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். பெற்றோர் 1938இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள். எம்ஐடியில் 1964இல் பட்டம், 1969இல் முனைவர் பட்டம். நடுவில் ஓராண்டு அலபாமாவில், கறுப்பின மாணவர்களுக்கான ஸ்டில்மன் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எர்னஸ்ட் வினோகூரிடமும், கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரெனாட்டோ டல்பெக்கோவிடமும் பயிற்சி. 1972இல் எம்ஐடிக்கே திரும்பி வந்தார்.

வினோகூர், டல்பெக்கோ இருவருமே கட்டி உண்டாக்கும் வைரஸ்களை ஆராய்ந்தவர்கள். அந்தக் காலத்துப் புற்று ஆய்வின் முக்கால்வாசி அங்கேதான் நடந்தது. கோழியின் தசைக்கட்டியை வடிகட்டிய திரவம் இன்னொரு கோழிக்கும் கட்டியை உண்டாக்குவதை பேட்டன் ரௌஸ் 1911இலேயே காட்டியிருந்தார். 1971 டிசம்பரில் அமெரிக்க அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, மனிதப் புற்றுக்கும் ஒரு வைரஸ் அகப்பட்டுவிடும் என்று பலர் நம்பினார்கள். பணம் கொட்டித் தேடியும் பெரும்பாலான மனிதக் கட்டிகளில் வைரஸ் இல்லை.

இரண்டு திசைகளிலிருந்து வேறு செய்திகள் வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப்பும் ஹரால்ட் வார்மஸும், ரௌஸ் கண்ட அந்தக் கோழிக்கட்டி வைரஸின் சார்க் என்ற புற்று மரபணு ஆதியில் கோழியின் சொந்த மரபணுதான், வைரஸ் அதைத் திருடிக்கொண்டு போயிருக்கிறது என்று 1976இல் காட்டினார்கள். பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ், புற்று உண்டாக்கும் ரசாயனங்களில் பெரும்பாலானவை பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் பிறழச் செய்பவை என்று காட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு ஊகம் கிடைக்கும். ரசாயனம் டிஎன்ஏவைக் கெடுத்துத்தான் புற்றை உண்டாக்குகிறது என்றால், கெட்டுப்போன மரபணு வைரஸ் எதுவும் இல்லாமலே அந்தச் செல்லுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை எடுத்து இடம் மாற்றவும் முடிய வேண்டும்.

1978 பிப்ரவரியில் பாஸ்டன் பனியில் முடங்கிக் கிடந்தபோது, லாங்ஃபெலோ பாலத்தில் நடந்து போகையில் வைன்பர்க்குக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். எனக்குப் பாலத்தைவிட முக்கியமாகத் தெரிவது, சோதனைக்கு வேண்டிய கைப்பழக்கம் அவருடைய ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். சுண்டெலியின் ரத்தப்புற்று வைரஸ் டிஎன்ஏவைத் தனியே பிரித்து, அதை மட்டும் செல்லுக்குள் செலுத்தித் தொற்றை உண்டாக்குவதை அவர்கள் 1975இலேயே செய்திருந்தார்கள். இந்த ஊகத்தை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். மறுநாளே அதைத் தட்டில் போட்டுப் பார்க்கும் நிலையில் இருந்தவர்கள் மிகச் சிலர்.

தட்டில் நடந்தது

கட்டிச் செல்களிலிருந்து டிஎன்ஏவை நீளம் சிதையாமல் பிரித்தெடுக்க வேண்டும். அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் கலந்து, பாஸ்பேட் உள்ள உப்புக்கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொஞ்ச நேரத்தில் கரைசல் லேசாகக் கலங்கும். கால்சியம் பாஸ்பேட் நுண்துகள்களோடு டிஎன்ஏவும் சேர்ந்து படிந்து இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கரைசலின் பிஹெச் சற்றுப் பிசகினாலும் துகள்கள் பெரிதாகத் திரண்டுவிடும், அல்லது உண்டாகவே உண்டாகாது. சரியாக வந்த கலவையைச் செல்கள் வளரும் தட்டில் ஊற்றினால், செல்கள் துகள்களை விழுங்குகின்றன. அவற்றில் மிகச் சில செல்கள் அந்த டிஎன்ஏவைத் தங்கள் குரோமோசோமோடு சேர்த்துக்கொள்கின்றன. ஃபிராங்க் கிரகாமும் அலெக்ஸ் வான் டெர் எப்பும் 1973இல் தந்த முறை இது.

டிஎன்ஏவை வாங்கிக்கொள்ளும் செல்களாக என்ஐஹெச் 3டி3 என்ற சுண்டெலிச் செல்களை வைத்துக்கொண்டார்கள். இவை தட்டின் அடியில் ஒற்றைப் படலமாகப் பரவும், பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்வதை நிறுத்திவிடும். புற்றாக மாறிய செல் நிறுத்தாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். ஆகவே இரண்டு வாரம் கழித்துத் தட்டைப் பார்த்தால் போதும். குவியல் இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை.

சோதனையைச் செய்தவர் தைவானிலிருந்து வந்திருந்த முனைவர் பட்ட மாணவர் சியாஹோ ஷி. ரசாயனத்தால் புற்றாகிய 15 செல் வகைகளின் டிஎன்ஏவைப் போட்டுப் பார்த்ததில் 5 வகைகள் குவியலைத் தந்தன. மீதி 10 வகைகளில் குவியல் ஒன்றிரண்டு வந்தது, அல்லது வரவே இல்லை. குவியலிலிருந்து மறுபடி டிஎன்ஏ எடுத்துப் புதுச் செல்களில் போட்டபோதும் குவியல் வந்தது. அதாவது புற்றாக்கும் தன்மை டிஎன்ஏவிலேயே பயணம் செய்கிறது.

அந்தப் பத்தை மறந்துவிடக் கூடாது. அப்போது எல்லோருடைய கண்ணும் ஐந்தின் மேல்தான் இருந்தது, அது நியாயமும்கூட. மனிதக் கட்டிகளுக்குப் போனபோதும் கணக்கு பெரிதாக மாறவில்லை. பெரும்பாலான கட்டிகளின் டிஎன்ஏ இந்தத் தட்டில் எதையும் காட்டவில்லை. அந்தக் கட்டிகளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி பின்னாளைக்குத் தள்ளிப்போனது.

ஒரே ஒரு எழுத்து

1981இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றின் இஜே என்ற செல்வகையிலிருந்து எடுத்த டிஎன்ஏவும் குவியலைத் தந்தது. பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பரின் குழுவும் அதே சமயத்தில் அதையே கண்டது. அடுத்த வேலை, சுண்டெலி டிஎன்ஏவின் நடுவே நுழைந்திருக்கும் அந்த மனித மரபணுவைத் தேடிப் பிடிப்பது. இங்கே ஒரு நல்ல உத்தி கை கொடுத்தது. மனித மரபுத்தொகுதி முழுக்க ஆலு என்ற ஒரு சிறு வரிசை லட்சக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப வரும். சுண்டெலியில் அதே வடிவில் அது கிடையாது. டிஎன்ஏவை ஒரு தட்டிலிருந்து எடுத்து அடுத்த தட்டில் போடும் ஒவ்வொரு சுற்றிலும் தேவையற்ற மனித டிஎன்ஏ கழிந்துபோகும். கடைசியில் புற்று மரபணுவும் அதையொட்டிய ஆலுவும்தான் மிஞ்சும். ஆலுவைத் தேடினால் மரபணு கிடைத்துவிடும்.

1982இல் மூன்று குழுக்கள் இதை முடித்தன: வைன்பர்க்குடையது, கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் மைக்கேல் விக்லருடையது, தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மரியானோ பார்பசிதுடையது. மூன்றும் பிடித்தது ஒரே மரபணு. விக்லர் பயன்படுத்தியது டி24 என்ற சிறுநீர்ப்பைச் செல்வகை. இஜேயும் டி24ம் ஒரே நோயாளியின் கட்டியிலிருந்து வந்தவை, ஆய்வகங்களுக்கு இடையே எங்கோ கலந்துபோயிருக்கின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. மூவரும் ஒரே விடைக்கு வந்ததை வியந்து எழுதுபவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பு இதனால் சிறிதும் பொய்யாகவில்லை. ஆனால் மூன்று தனித்தனிக் கட்டிகள் தந்த சாட்சியாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

மரபணுவின் பெயர் ஏற்கெனவே தெரிந்ததுதான்: ராஸ். ஜெனிஃபர் ஹார்வி 1964இல் விவரித்த எலிக் கட்டி வைரஸ் சுமந்து திரிந்த அதே மரபணு. வைரஸ் ஆய்வும் ரசாயனப் புற்று ஆய்வும் இந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்தன.

நல்ல ராஸுக்கும் கெட்ட ராஸுக்கும் வித்தியாசம் என்ன? இதற்கும் அதே தட்டையே வைன்பர்க் குழு திரும்ப நாடியது. இரண்டு மரபணுக்களையும் நொதிகளால் துண்டுகளாக வெட்டி, நல்லதின் துண்டைக் கெட்டதிலும் கெட்டதின் துண்டை நல்லதிலும் ஒட்டி, எந்தக் கலப்பு குவியலைத் தருகிறது என்று பார்த்தார்கள். கிளிஃபர்ட் டேபினும் மற்றவர்களும் வேறுபாட்டைச் சுமார் 350 எழுத்துகளுக்குள் கொண்டுவந்தார்கள். அந்தப் பகுதியின் வரிசையைப் படித்தபோது வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. ஜி இருந்த இடத்தில் டி. அதனால் புரதத்தின் 12ஆவது இடத்தில் கிளைசீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் வந்திருந்தது. அதே 1982இல் மற்ற குழுக்களும் இதே முடிவுக்கு வந்தன.

ராஸ் புரதம் செல்லின் வளர்ச்சிக்கான சுவிட்ச். ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறைப் பற்றியிருக்கும்போது எரியும், அதை உடைத்து ஒரு பாஸ்பேட்டைக் கழித்ததும் அணையும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசீன். அந்த இடத்தில் அதைவிடப் பருமனான வேறொன்று வந்தால் பெரும்பாலும் உடைக்கும் வேலை தடைப்படும், சுவிட்ச் அணையாமலே கிடக்கும். மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ராஸ் குடும்பத்தின் ஏதோ ஒரு மரபணு பிறழ்ந்திருக்கிறது. கணையப் புற்றில் கேராஸ் பிறழ்வு சுமார் 90 சதவீதம்.

இவ்வளவு தெளிவாக இலக்கு தெரிந்திருந்தும் மருந்துக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ராஸின் மேற்பரப்பில் மருந்து மூலக்கூறு பிடித்துக்கொள்ள வசதியான குழி இல்லை. 2013இல் கெவன் ஷோகாட்டின் குழு, கேராஸின் அதே 12ஆவது இடத்தில் சிஸ்டீன் வந்த பிறழ்வில், சிஸ்டீனோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளைக் கண்டது. 2021 மே மாதம் சோட்டோராசிப் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுக்கு அனுமதி பெற்றது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 37.1 சதவீத நோயாளிகளுக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. நோய் மீண்டும் முன்னேறாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 6.8 மாதம். எழுத்தைக் கண்டதற்கும் மருந்துக்கும் இடையே 39 ஆண்டுகள்.

ஒரு ஆட்சேபணை

ஒரே எழுத்து மாறினால் புற்று வருமென்றால் நாம் யாரும் உயிரோடு இருக்க முடியாதே என்று கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். நியாயமான கேள்வி. என்ஐஹெச் 3டி3 செல்கள் ஏற்கெனவே சாகாவரம் பெற்று, புற்றை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டவை. மீதித் தூரத்தைத்தான் ராஸ் கடக்க வைத்தது. இதற்கு ஆய்வகமே பதில் தேடியதை நான் மதிக்கிறேன். எலிக் கருவிலிருந்து புதிதாக எடுத்த செல்களில் ராஸை மட்டும் போட்டால் புற்றாகவில்லை, மிக் என்ற மரபணுவையும் சேர்த்துப் போட்டால் ஆகிறது என்று ஹார்ட்மட் லாண்டும் லூயிஸ் பராடாவும் வைன்பர்க்கோடு சேர்ந்து 1983இல் காட்டினார்கள். மனிதச் செல்லுக்கு இன்னும் அதிகம் தேவைப்பட்டது. 1999இல் வில்லியம் ஹான் முதலியோர், செல் முடிவின்றிப் பிரிய உதவும் டெலோமரேஸ் நொதியின் மரபணு, எஸ்வி40 வைரஸின் பெரிய டி புரதத்தின் மரபணு, பிறழ்ந்த ராஸ் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் சாதாரண மனிதச் செல்லைத் திட்டமிட்டுப் புற்றாக்க முடிந்தது.

கைக்குள் இருந்த மருந்து இலக்கு

ராஸைத் துரத்திய அதே ஆண்டுகளில், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லட்சுமி சரண் பாடி வைன்பர்க்கின் ஆய்வகத்தில் வேலை செய்தார். எத்தில்நைட்ரோசோயூரியா என்ற ரசாயனம் கருவிலேயே உடலில் ஏறிய எலிகளின் நரம்புக் கட்டிகள் அவருடைய பொருள். அந்தக் கட்டிகளின் டிஎன்ஏவும் தட்டில் குவியலைத் தந்தது. ஆனால் அது ராஸ் இல்லை. குவியல் செல்களைச் சுண்டெலிக்குள் செலுத்தி, அதன் ரத்தநீரில் உண்டான எதிர்ப்பொருளைக் கொண்டு தேடியபோது, செல்லின் மேற்பரப்பில் 185,000 டால்டன் எடையுள்ள ஒரு பெரிய புரதம் தெரிந்தது. நரம்புக் கட்டியில் கிடைத்ததால் மரபணுவுக்கு நியூ என்று பெயர்.

இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல வேண்டும். ராஸ் செல்லுக்குள் இருப்பது. நியூ புரதமோ பாதி உடல் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் ஏற்பி. வெளியே இருப்பதை எதிர்ப்பொருளால் எட்டிப் பிடிக்கலாம். பிடித்தும் காட்டினார்கள். 1985இல் ஜெஃப்ரி டிரெபின், மார்க் கிரீன் ஆகியோரோடு வைன்பர்க்கும் இணைந்து எழுதிய கட்டுரை, நியூவால் புற்றாகிய செல்களின் மேல் அந்த எதிர்ப்பொருளை ஊற்றினால் ஏற்பி மேற்பரப்பிலிருந்து குறைகிறது, செல் சாதாரண நடத்தைக்குத் திரும்புகிறது என்று காட்டியது. எதிர்ப்பொருள் ஒரு புற்று மருந்தாகலாம் என்பதற்கு இதைவிட நேரான சான்று அன்று வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

மருந்து வேறு இடத்தில் உருவானது. ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச்சின் குழு அதே மரபணுவின் மனித வடிவத்தைத் தனியாகப் பிரித்து ஹெர்2 என்று பெயரிட்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் டென்னிஸ் ஸ்லாமன், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளை நோயாளிகளின் மருத்துவ விவரத்தோடு சேர்த்து உறைநிலையில் சேமித்துவைத்திருந்தார். உல்ரிச் மரபணுவைக் கொடுக்க, ஸ்லாமன் கட்டிகளில் தேடினார். 1987இல் வந்த கட்டுரை: 189 மார்பகக் கட்டிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் ஹெர்2 மரபணுவின் பிரதிகள் பெருகியிருந்தன. பிரதி அதிகமானால் நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுள் குறைந்தது. ஹெர்2 ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மருந்தான டிராஸ்டுசுமாப் 1998 செப்டம்பரில் அனுமதி பெற்றது. இன்று நம்மூர்ப் புற்று மருத்துவமனையில் மார்பகக் கட்டிக்கு எழுதும் நோய்க்கூறு அறிக்கையிலும் ஹெர்2 என்று ஒரு வரி இல்லாமல் இருக்காது.

வைன்பர்க்கின் ஆய்வகம் ஏன் மார்பகக் கட்டியைப் பார்க்கவில்லை? அலட்சியம், மருத்துவத்தில் ஆர்வமின்மை என்றெல்லாம் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. எலியின் நியூவில் என்ன கெட்டிருந்தது என்று 1986இல் கொர்னீலியா பார்க்மன் காட்டியதைப் பாருங்கள். புரதம் செல்சவ்வைக் கடக்கும் இடத்தில் ஒரே ஒரு எழுத்துப் பிறழ்வு. ராஸின் கதையேதான். ஒரே எழுத்து மாறிய மரபணுவைக் காட்டுவதில் அந்தத் தட்டு மிகக் கூர்மையானது. மார்பகப் புற்றில் நடப்பதோ வேறு. ஹெர்2வின் எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே சரியாக இருக்கின்றன, எண்ணிக்கைதான் பெருகிவிடுகிறது. சரியான எழுத்துள்ள மரபணுவை எடுத்துத் தட்டில் போட்டால் குவியல் எளிதில் வராது. இத்தனை பிரதி, இத்தனை மாத ஆயுள் என்று நூற்றுக்கணக்கான நோயாளிகளை எண்ணிப் பார்த்தால்தான் அது தெரியும். ஆம் இல்லை என்று பதில் வாங்கிப் பழகிய ஓர் ஆய்வகத்தின் பழக்கவழக்கத்தில் அந்த வேலைக்கு இடமில்லாமல் போனது.

இல்லாததைத் தேடுதல்

மூன்றாவது கண்டுபிடிப்பு அந்தத் தட்டுக்கு முற்றிலும் எட்டாதது. அதனால்தான் அது எப்படிக் கிடைத்தது என்பது முக்கியம்.

ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைகளின் விழித்திரையில் வரும் அரிய புற்று. ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் 48 குழந்தைகளின் விவரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டார். இரு கண்ணிலும் வரும் பரம்பரை வடிவத்தில் இன்னும் ஒரு அடி விழுந்தால் போதும், பரம்பரையல்லாத வடிவத்தில் இரண்டு அடி விழ வேண்டும் என்று முடிவு கட்டினார். பிறகு தெரிந்தது, அடி விழுவது ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளில் என்று. இரண்டும் போனால்தான் புற்று. இங்கே நோய்க்குக் காரணம் ஒரு மரபணு இல்லாமல் போவது. இல்லாத ஒன்றை எடுத்து வேறு செல்லில் போட முடியாது. தட்டுச் சோதனை இதன் முன்னால் குருடு.

வழி காட்டியவர் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் கண் காது மருத்துவமனையில் இருந்த தாடியஸ் ட்ரைஜா. கண் மருத்துவர், தானே மரபணு வேலையும் கற்றுக்கொண்டவர். 13ஆவது குரோமோசோமின் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டிகளின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, எந்தத் துண்டு சில கட்டிகளில் அடியோடு காணாமல் போயிருக்கிறது என்று பொறுமையாகத் தேடினார். கிடைத்த துண்டிலிருந்து இரு பக்கமும் நகர்ந்தார். குழந்தை மருத்துவம் படித்துவிட்டு வைன்பர்க்கிடம் வந்திருந்த ஸ்டீபன் ஃப்ரெண்ட், ட்ரைஜாவின் துண்டு ஒன்று செல்லில் உண்மையிலேயே ஆர்என்ஏவாக எழுதப்படுகிறதா என்று சோதித்தார். விழித்திரைச் செல்லில் சுமார் 4,700 எழுத்து நீளத்தில் ஆர்என்ஏ இருந்தது, ரெட்டினோபிளாஸ்டோமாவில் இல்லை. 1986 அக்டோபரில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. மரபணுவின் பெயர் ஆர்பி.

இதில் பெரும்பங்கு ட்ரைஜாவுடையது என்றே நான் படிக்கிறேன். வைன்பர்க்கின் பெருமை, தன் சொந்தச் சோதனைக்கு எட்டாத ஒன்றுக்கு ஆய்வகத்தின் கதவைத் திறந்துவிட்டதில் இருக்கிறது.

ஆர்பியின் எல்லை கண்ணோடு நிற்கவில்லை. எலும்புப் புற்றிலும் அது தொலைந்திருந்தது. எட் ஹார்லோவும் வைன்பர்க் குழுவும் சேர்ந்து 1988இல் அடினோவைரஸின் ஈ1ஏ புரதம் நேராக ஆர்பி புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் மனிதப் பாப்பிலோமா வைரஸின் ஈ7 புரதமும் அதையேதான் செய்கிறது என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. மரபணுவைத் தொலைப்பதற்குப் பதிலாக, வைரஸ் அதன் புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. செல் பிரிவதற்கு முன் ஆர்பியை முடக்கும் சிடிகே4, சிடிகே6 நொதிகளைத் தடுக்கும் பால்போசிக்லிப் மருந்து 2015இல் மார்பகப் புற்றுக்கு வந்ததும் இந்தப் பாதையில்தான்.

ஆறு பண்புகள், அப்புறம் பரவல்

2000 ஜனவரியில் டக்ளஸ் ஹனஹானும் வைன்பர்க்கும் செல் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, எந்தப் புற்றுச் செல்லும் கைக்கொள்ளும் பண்புகள் ஆறுதான் என்று வாதிட்டது: தானே வளர்ச்சிச் சமிக்ஞை தருவது, நிறுத்தும் சமிக்ஞையைக் கேளாதிருப்பது, சாவைத் தவிர்ப்பது, முடிவின்றிப் பிரிவது, ரத்தக்குழாய்களை வரவழைப்பது, ஊடுருவிப் பரவுவது. 2011இல் ஆற்றல் பயன்பாட்டை மாற்றிக்கொள்வதையும் நோயெதிர்ப்பிலிருந்து தப்புவதையும் சேர்த்தார்கள். இன்றுவரை புற்றுநோய் படிக்கும் மாணவர்கள் முதலில் படிக்கும் கட்டுரைகளில் அது ஒன்று. அது எல்லோரும் அறிந்தது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

ஆறாவது பண்பு மட்டும் வேறு. புற்றில் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டியால் இறப்பதில்லை, அது பரவுவதால் இறக்கிறார்கள். வைன்பர்க் தன் ஆய்வகத்தைப் பெருமளவு அந்தப் பக்கம் திருப்பினார். தோல்போல் ஒட்டிப் படலமாக வாழும் எபிதீலியச் செல்கள் ஒட்டலைக் கழற்றிக்கொண்டு நகரும் வகைச் செல்களாக மாறுவதைச் சுருக்கமாக ஈஎம்டி என்கிறார்கள். கருவளர்ச்சியில் இது இயல்பாக நடப்பது. 2004இல் ஜிங் யாங் முதலியோர், சுண்டெலி மார்பகப் புற்றுச் செல்களில் டுவிஸ்ட் என்ற மரபணுவை அடக்கினால் நுரையீரலுக்குப் பரவுவது பெரிதும் குறைகிறது என்று காட்டினார்கள். 2008இல் செந்துறை மணி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை, ஈஎம்டிக்குள் போன மார்பகச் செல்கள் தண்டுச் செல்லின் பண்புகளையும் பெறுகின்றன என்றது.

இந்தக் காலத்தில் ஒரு பின்னடைவும் உண்டு. மரபணுக்களின் செயலை அடக்கும் சிறு ஆர்என்ஏவான ஒரு மைக்ரோ ஆர்என்ஏ மார்பகப் புற்றின் பரவலைத் தடுக்கிறது என்று 2009இல் செல் இதழில் வந்த ஆய்வகத்தின் கட்டுரை 2015இல் திரும்பப் பெறப்பட்டது. அதே 2015இல் நேச்சரில் வேறு இரண்டு குழுக்கள், பரவலுக்கு ஈஎம்டி தேவையே இல்லை என்று எழுதின. மார்பகப் புற்றுச் சுண்டெலியில், ஈஎம்டிக்குப் போன செல்களுக்கு நிறம் ஏற்றிப் பார்த்தால் நுரையீரலில் வளர்ந்தவை நிறமில்லாதவை என்றது ஒன்று. கணையப் புற்றில் டுவிஸ்டையோ, ஈஎம்டியைத் தூண்டும் இன்னொரு மரபணுவான ஸ்னெயிலையோ நீக்கினாலும் பரவல் குறையவில்லை என்றது மற்றொன்று. மருந்துக்கு அடங்காமல் போவதில் ஈஎம்டிக்குப் பங்கு உண்டு என்பதை மட்டும் இரண்டும் ஒப்புக்கொண்டன. வைன்பர்க் குழு 2017இல் பதில் எழுதியது: நிறமேற்றப் பயன்படுத்திய எஃப்எஸ்பி1 என்ற அடையாளம், ஈஎம்டிக்குப் போன பெரும்பாலான செல்களில் எரியவே இல்லை, ஆகவே நிறமில்லாதவை எல்லாம் மாறாதவை என்று கொள்ள முடியாது.

என் வாசிப்பில் இந்தப் பதில் பாதி வழக்கைத்தான் வென்றது. அடையாளம் தவறு என்பது சரி, ஆனால் சரியான அடையாளம் எது என்பதற்கு அதில் தீர்ப்பு இல்லை. 2014இல் வைன்பர்க்கே எழுதிய கட்டுரையில், புற்று ஆய்வு தாறுமாறான விவரங்களிலிருந்து எளிமைக்கு வந்து, மறுபடி சிக்கலுக்கே திரும்பியிருப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். ராஸின் காலத்தில் அதைச் சொல்லியிருக்க மாட்டார். 2018இல் பிரஸ்ஸெல்ஸில் செட்ரிக் பிளான்பனின் குழு, ஒரே கட்டிக்குள் ஈஎம்டியின் பல இடைநிலைகள் ஒரே சமயத்தில் இருப்பதையும், முழுதாக மாறியவற்றைவிட இடைநிலைச் செல்களே அதிகம் பரவுவதையும் காட்டியது. அந்த இடைநிலைச் செல்களைக் குறிவைத்துப் பரவலைத் தடுக்கும் மருந்து எதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.